நல்லாசிரியர் மட்டும் போதுமா? சேரன்மாதேவி முதல் நாங்குநேரி வரை

வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலத்தை நாம் அரசியல் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். காங்கிரஸுக்குள் எழுந்த பிளவு, பெரியாரின் விலகல், சுயமரியாதை இயக்கத்தின் தோற்றம் என்ற வரிசையில் அது ஒரு படி. ஆனால் அது முதலில் ஒரு பள்ளிக்கூடம். சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று அந்தப் பள்ளியின் தலைவர் எடுத்த முடிவிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது. ஆசிரியப் பணியின் அறத்தைப் பற்றிப் பேசுவதற்கு தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஐயர் சாதாரண மனிதர் அல்லர். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், இந்தியா ஹவுஸ் புரட்சியாளர்களோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். அரசாங்கப் பள்ளிகள் தராத தேசியக் கல்வியைத் தர வேண்டும் என்று 1920களின் தொடக்கத்தில் குருகுலத்தைத் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. பொதுமக்கள் பலரும் நன்கொடை தந்தார்கள். இந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி நடந்தது.

செய்தி வெளியே வந்தபோது ஐயர் தரப்பு சொன்ன விளக்கம் முக்கியமானது. அந்த இரு பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்பதே அது. காங்கிரஸ் தலைவர்களான பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி அந்த வாக்கின் நேர்மையைப் பற்றியதல்ல. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் அப்படியொரு வாக்கைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். விவகாரம் காந்தி வரைக்கும் போனது. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்தில் பங்கேற்கும் எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக்கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. கமிட்டியின் முக்கியப் பிரமுகர்கள் சிலர் அதை எதிர்த்துப் பதவி விலகினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம், பாபநாசம் மலையருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார்.

நூறு ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது இதில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். நடத்துகிறவர் தியாகியாக, அறிஞராக, சொன்ன சொல் தவறாதவராக இருக்கலாம். அதனால் மட்டும் பள்ளி நியாயமான பள்ளி ஆகிவிடாது. தனிமனித ஒழுக்கம் வேறு, ஒரு நிறுவனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டிருக்கும் கடன் வேறு. இரண்டும் மோதும்போது எது வெல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத பள்ளியில் நல்ல மனிதர்களே அநியாயத்துக்குத் துணை போவார்கள்.

சேரன்மாதேவி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் பள்ளி மாணவர்கள் அரிவாளோடு புகுந்தார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் அவன் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோது விவரம் தெரியவந்தது, அவனிடம் புகார் எழுதி வாங்கினார்கள் என்று அன்றைய செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. அதன் பிறகுதான் தாக்குதல் நடந்தது.

இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளை வரவில்லை என்று ஒரு ஆசிரியர் கவனித்திருக்கிறார், விசாரித்திருக்கிறார். பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள். தனிப்பட்ட ஆசிரியரிடம் நாம் எதிர்பார்க்கும் அக்கறை இங்கே இல்லாமல் இல்லை. இல்லாமல் போனது அடுத்த அடி. புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை எப்படி வீடு போகும், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அது எப்போது, யார் மூலம் தெரிய வேண்டும், பெற்றோரை யார் அழைப்பது, காவல் துறைக்கு எந்தக் கட்டத்தில் சொல்வது என்று எழுதி வைத்த நடைமுறை இல்லை. அந்த நடைமுறை இல்லாத இடத்தில் ஓர் ஆசிரியரின் நல்லெண்ணமே பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம்.

நல்லாசிரியர் இலக்கணம் என்றதும் நமக்கு நன்னூல் நினைவுக்கு வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் தகுதிகளைத் தொகுத்தார். நிலம்போல் பொறுமை, மலைபோல் அசையாத அறிவு, தராசுபோல் நடுநிலை, மலர்போல் விரும்பத்தக்க இயல்பு என்று அவர் சொன்ன உவமைகளை ஆசிரியர் தின மேடைகளில் இன்றும் கேட்கலாம். மேடையில் யாரும் சொல்லாத இரண்டு செய்திகள் அதே இடத்தில் உண்டு. தகுதிகளின் பட்டியலில் முதலில் நிற்பது குடிப்பிறப்பு. அடுத்தது, யாருக்குப் பாடம் சொல்லக்கூடாது என்று ஒரு தனிப்பட்டியல் இருக்கிறது. சோம்பேறி, நோயாளி, கோபக்காரன், தூங்குகிறவன், மந்த புத்திக்காரன், திருடன் என்று அது நீள்கிறது.

பவணந்தியைக் குறை சொல்ல இதை எடுத்துக் காட்டவில்லை. அவர் காலத்துக் கல்வி, ஆசிரியர் தேர்ந்தெடுத்த சிலருக்கானது. நம் காலத்துக் கல்வி, சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்குமானது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள எந்தப் பிள்ளையையும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையை அரசுப் பள்ளியிடமிருந்து எடுத்துவிட்டது. பவணந்தி விலக்கிய அத்தனை பேரும் இன்று உரிமையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியரின் முதல் தகுதியாகப் பிறப்பைச் சொல்வதும் இன்று சட்டத்துக்கு விரோதம். வேலை தலைகீழாக மாறியிருக்கும்போது, அந்த வேலையின் அறத்தை மட்டும் பழைய புகழுரைகளிலிருந்து எடுத்து ஓட்ட முடியாது.

புதிய அறம் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரிய இலட்சியங்களில் இல்லை. மிகச் சிறிய அன்றாடக் காரியங்களில் இருக்கிறது. கல்வி உதவித்தொகைப் படிவம் வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கையில் பட்டியலோடு வகுப்புக்குள் வருகிறார். அவருக்கு முன்னால் இன்னும் நான்கு வேலைகள் காத்திருக்கின்றன. “எஸ்சி பசங்கள்லாம் எழுந்திரிங்க, சாதிச் சான்றிதழ் யார் யார் இன்னும் கொடுக்கல?” என்று கேட்கிறார். அவர் மனதில் எந்தத் துவேஷமும் இல்லாமல் இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு மட்டுமே இருக்கலாம். ஆனால் அரை நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எழுந்து நின்ற பிள்ளைக்கு அது அரை நிமிடத்தோடு முடிவதில்லை.

இது வெறும் மன வருத்தம் பற்றிய பேச்சு அல்ல. கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். உயர் சாதி மாணவர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் 321 பேர். காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லி, சரியாக முடித்ததற்கு ஏற்பக் காசு கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறத்தாழ சமமாகச் செய்தன. பெயரையும் சாதியையும் எல்லார் முன்பும் வாசித்த பிறகு அதே புதிர்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் திறன் கணிசமாக விழுந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாதியை உரக்க வாசித்தது ஒன்றுதான் நடந்தது.

இதன் மறுபக்கத்தை ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இந்திய நகரமொன்றில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, விடைத்தாள்களின் முகப்பில் சாதி விவரத்தை ஆய்வாளர்களே மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாளுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. அளவு சிறியதுதான், ஆனால் குறைந்தது உண்மை. அதைவிட யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. குறைத்துப் போட்டவர்களில் உயர் சாதி ஆசிரியர்களைவிட, ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஆசிரியர்களிடமே அந்தப் போக்கு தெரிந்தது.

சிலர் இதைக் கேட்டதும், ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு எதற்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த முடிவுக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு, அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் எல்லாச் சமூகத்தவரையும் உட்கார வைத்தது. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் கிடைக்காத மாநிலத்தில் இது மகத்தான மாற்றம். 1894 இல் கர்னல் ஆல்காட் சென்னை ஊரூரில் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. தன்னைப் போன்ற ஒருவர் ஆசிரியராக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதனால் வரும் தெம்பு பெரிது. ஆய்வு சொல்வது இதுதான். பாகுபாடு ஆளின் பிறப்பில் மட்டும் இல்லை, அது பள்ளியின் பழக்கத்தில் இருக்கிறது. விடைத்தாளின் முகப்பில் பெயர் இருக்கும் வரை, யார் திருத்தினாலும் அந்தப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். பன்முகத்தன்மையும் வேண்டும், நடைமுறையும் மாற வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூன் மாதம் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கையைச் சுற்றி எழுந்த சத்தமெல்லாம் கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயரில் உள்ள சாதிச் சொல் ஆகியவற்றைப் பற்றியே இருந்தது. அறிக்கையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் எதுவும் இருக்கக்கூடாது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் ஒரே இடத்தில் நெடுங்காலம் வைத்திருக்கக்கூடாது, ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரையே அந்த வட்டாரத்தின் கல்வி அதிகாரியாகப் போடக்கூடாது. ஆசிரியர்களுக்கு நடத்தை நெறி வேண்டும், பி.எட். பாடத்திட்டம் மாற வேண்டும். பெரிய பள்ளிகளுக்கு மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும்.

இவற்றில் பாதிக்குப் பணம் தேவையில்லை, சட்டம்கூடத் தேவையில்லை. அகர வரிசையில் உட்கார வைக்க ஒரு தலைமையாசிரியரின் ஒரு காலைப்பொழுது போதும். ஆயினும் விஷயம் வெடிக்கும்வரை காத்திருப்பதே நம் வழக்கமாக இருந்திருக்கிறது. 2022 இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரில் மாணவனிடம் சாதி பற்றி ஆசிரியை பேசும் ஒலிப்பதிவு வெளியாகி, பணியிடை நீக்கம் வரை போனது. இரண்டிலும் நடவடிக்கை வந்தது உண்மை. விஷயம் வெளியே வந்த பிறகு வந்தது என்பதும் உண்மை.

நம் ஆசிரியர்களை இன்று எது ஆள்கிறது? அரசுப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால் “17 பி” என்பார். அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடும் தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு அதுதான் பெயர். சிறிய குற்றத்துக்கு 17 ஏ. அதற்கு அடிப்படை 1973 ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள். பரிசு வாங்குவது, கடன் வாங்குவது, சொத்து வாங்குவது, அரசியலில் ஈடுபடுவது, அரசை விமர்சிப்பது, இரண்டாம் திருமணம் செய்வது என்று அந்த விதிகள் பேசுகின்றன. வட்டாட்சியர் அலுவலக உதவியாளருக்கும் மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் அவை ஒன்றே. எதிரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட விதிகள் அல்ல அவை. தனியார் பள்ளி ஆசிரியரின் நிலை இன்னும் மோசம். நிர்வாகம் சொல்வதே விதி, நாளை வேலை இருக்குமா என்பதே அச்சம்.

கல்வி உரிமைச் சட்டம் ஓரளவு பேசுகிறது. 17 ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. நேரத்துக்கு வருதல், பாடத்தை முடித்தல், ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் அறிந்து கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரைச் சந்தித்தல் ஆகிய கடமைகளை 24 ஆம் பிரிவு சொல்கிறது. தனிப்பயிற்சி நடத்தக்கூடாது என்கிறது 28 ஆம் பிரிவு. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003 இல், கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும், 2024 இல், உடல்தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களைச் செயல்படுத்துங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தடை இருந்தது. ஆனால் பிரம்பை விட்டுவிட்டு அறுபது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் ஆசிரியருக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த இடத்தில் ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லாமல் போவது நியாயம் ஆகாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பள்ளி மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். கண்டிக்கவே பயமாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லும்போது அதில் பொய் இல்லை. ஆசிரியரின் நேரத்தைப் பறிப்பதும் நாம்தான். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் செயலியில் பதிவேற்றாமல் ஒரு நாளும் விடிவதில்லை, முடிவதில்லை. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறையிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 இலேயே சொல்லியும், பள்ளி நடக்கும் காலத்தில் வீடு வீடாக அலைகிற ஆசிரியர்களைப் பார்க்கிறோம். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 2012 இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். பொறுப்பை மட்டும் முழுநேரமாகக் கேட்டு, வேலையைப் பகுதிநேரமாகக் கொடுக்கும் அரசுக்கு அறம் பேசும் தகுதி பாதிதான் உண்டு.

ஆனால் இந்தக் குறைகள் எதுவும் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிப்பதற்குக் காரணம் ஆகாது. அங்கேதான் தொழிலின் சொந்தப் பொறுப்பு தொடங்குகிறது.

மருத்துவர் தவறு செய்தால் விசாரிக்க மருத்துவக் கவுன்சில் உண்டு, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில். அவை சரியாக நடக்கின்றனவா என்பது தனிக்கேள்வி. தொழில் செய்கிறவர்களே தங்கள் தொழிலின் நெறியை வரையறுத்து, மீறியவரைத் தங்கள் முன் நிறுத்தலாம் என்ற ஏற்பாடாவது அவற்றில் இருக்கிறது. இந்திய ஆசிரியருக்கு அது இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அது பயிற்சிக் கல்லூரிகளையும் கல்வித் தகுதியையும் கவனிக்கிறது. 2010 இல் ஆசிரியர்களுக்கான தொழில்நெறி வரைவு ஒன்றை அது வெளியிட்டது. பெரும்பாலான ஆசிரியர் அறைகளை அந்த வரைவு எட்டவே இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது மாநிலமே பரபரத்தது. பாட அறிவைச் சோதிக்க ஒரு தேர்வு உண்டு. பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறையைக் கேட்க ஓர் அவை இல்லை.

ஸ்காட்லாந்தில் 1965 இல் ஆசிரியர்களுக்கான பொதுக் கவுன்சில் உருவானது. அதில் பதிவு செய்யாமல் அங்கே அரசுப் பள்ளியில் பாடம் நடத்த முடியாது. அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களே. 2012 இல் அது அரசிடமிருந்து முற்றிலும் தனித்த அமைப்பானது. அதே 2012 இல் பக்கத்தில் உள்ள இங்கிலாந்து, 2000 இல் தொடங்கிய தன் கவுன்சிலைக் கலைத்துவிட்டு அதிகாரத்தை அமைச்சகத்தின் கைக்கே கொண்டுபோனது. அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதல்ல என் வாதம். ஆசிரியர்கள் தங்களுடையது என்று எண்ணாத கவுன்சில் நிலைக்காது என்பதையே இந்த இரண்டும் காட்டுகின்றன.

இது புதிய யோசனையும் அல்ல. 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றன. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில்தான் கொண்டாடப்படுகிறது. சம்பளம், பணிப் பாதுகாப்பு, சங்க உரிமை என்று ஆசிரியர்களுக்குச் சாதகமான பலவற்றைச் சொன்ன அதே ஆவணம், தொழில்நெறியை ஆசிரியர் அமைப்புகளே வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை நம் சங்கங்கள் ஊக்கத்தோடு பிடித்துக்கொண்டன. இரண்டாம் பாதி அப்படியே கிடக்கிறது.

தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்கள் பலவீனமானவை அல்ல. 2003 வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியரும் ஆசிரியருமாக லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே உத்தரவில் வேலை இழந்தபோதும் உடையாதவை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ மாநிலத்தின் பள்ளிகளையே நிறுத்திக் காட்டியது. சந்துரு அறிக்கை வந்தபோது இத்தனை பலமுள்ள சங்கங்கள் இடமாறுதல் பரிந்துரையைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். இடமாறுதல் கவலை நியாயமானதே. குடும்பம் ஓரிடம், வேலை ஓரிடம் என்று அலைவதன் வலி, முக்கியமாகப் பெண் ஆசிரியர்களின் வலி, யாருக்கும் தெரியாதது அல்ல. அதைப் பேசிவிட்டு, மற்றதை நாங்களே நாளை முதல் செய்கிறோம் என்று ஒரு சங்கம் அறிவித்திருந்தால் தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் அது இடம் பிடித்திருக்கும்.

பாலியல் குற்றங்களில் இந்தக் குறை இன்னும் கொடியதாகிறது. 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பள்ளி ஊழியர் தன் பள்ளிப் பிள்ளையிடம் செய்யும் குற்றத்தைக் கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 21 ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் ஒரே மாணவியின் வழக்கில் கைதானார்கள். 2021 இல் சென்னையின் பெயர்பெற்ற பள்ளியொன்றைப் பற்றி முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதிய பிறகே வழக்கு வந்தது. பெரியவர்கள் நிறைந்த ஆசிரியர் அறையில் யாருக்கும் எதுவும் தெரியாதா என்ற கேள்வி இத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் எழுகிறது. சக ஆசிரியர் மேல் புகார் சொல்வது துரோகம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெண்பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்ற மூன்று வாசகங்களில் உண்மை அமுக்கப்படுகிறது. நட்பு, மரியாதை, பள்ளி விசுவாசம் எல்லாம் தனிமனித அளவில் நல்ல குணங்களே. சேரன்மாதேவியில் கொடுத்த வாக்கைப் போலவே, நிறுவனம் பிள்ளைக்குப் பட்ட கடனை அவை இங்கே அடித்துக்கொண்டு போகின்றன.

பொறுப்பு ஆசிரியரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கீற்றுக்கொட்டகை, குறுகிய படிக்கட்டு. அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்த கையெழுத்துகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அலுவலகத்தில் போடப்பட்டவை.

அந்தக் கையெழுத்துகளையும் வகுப்பறைப் பட்டியலையும் கேள்வி கேட்கும் உரிமை சட்டப்படி இப்போது பெற்றோரிடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022 இல் இந்தக் குழுக்கள் பெரிய அளவில் மறுசீரமைக்கப்பட்டன. பல ஊர்களில் அந்தத் தாய்மார்கள் கட்டடம், குடிநீர், சுற்றுச்சுவர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இன்னும் கேட்காதது வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி. வாத்தியாரைக் கேள்வி கேட்பதா என்ற கூச்சம் தடுக்கிறது. அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் இருப்பது மரியாதை மட்டும் அல்ல, பிள்ளை மேல் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்ற பயமும்தான்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த முறை குழு கூடும்போது போங்கள். பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைக்கிறீர்கள், உதவித்தொகை விவரத்தை எப்படிச் சொல்கிறீர்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், ஒரு பிள்ளை புகார் கொடுத்தால் அன்று மாலைக்குள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.